கார்டைக் காட்டினால் கதவு எப்படித் திறக்கிறது?

காலை எட்டரை மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிலையத்தில் இறங்குபவர்களைக் கவனித்துப் பாருங்கள். பாதிப் பேரின் கழுத்தில் ஒரு டேக் தொங்கும். அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கார்டு. 1960களில் லேத் பட்டறைகளுக்காகவும் சிறு தொழிற்சாலைகளுக்காகவும் உருவான இந்தத் தொழிற்பேட்டையில் இப்போது கண்ணாடிக் கட்டடங்களில் சாஃப்ட்வேர் கம்பெனிகளும் இயங்குகின்றன. அங்கே வாட்ச்மேனிடம் பெயர் சொல்லி உள்ளே போகும் வழக்கம் குறைந்துவிட்டது. கார்டை ஒரு கறுப்புப் பெட்டியில் காட்டுகிறோம். "பீப்" என்று ஒலிக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. கதவு திறக்கிறது. முகப்பேர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எழும் புதிய அபார்ட்மென்ட்களிலும் இதே பெட்டி லிஃப்ட் அருகே வந்துவிட்டது.

தினமும் பத்து முறை செய்யும் இந்த வேலையின் பின்னால் என்ன நடக்கிறது? இந்தக் கதவு உண்மையில் யாரை அடையாளம் காண்கிறது? கரண்ட் போனால், தீப்பிடித்தால் அது என்ன செய்யும்? கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. ஆனால் பெரும்பாலோர் கேட்காமல் விடுவதும் அதையே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கதவைச் சுற்றி இருப்பவை

கார்டில் இயங்கும் ஒரு கதவுக்குப் பொதுவாக ஆறு பொருட்கள் தேவை.

முதலாவது, நம் கையில் உள்ள கார்டு. இரண்டாவது, கதவுக்கு வெளியே சுவரில் பொருத்தப்படும் ரீடர். மூன்றாவது, கன்ட்ரோலர். இது ஒரு சிறிய கம்ப்யூட்டர். பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்கிற்கு மேலோ, எலெக்ட்ரிகல் அறையிலோ இருக்கும். நான்காவது, பூட்டு. நம் ஊர் அலுவலகங்களில் அதிகம் இருப்பது கதவின் மேற்புறத்தில் நீளமாக இருக்கும் மின்காந்தப் பூட்டு. இதை டெக்னீஷியன்கள் 'இ.எம். லாக்' என்பார்கள். ஐந்தாவது, உள்ளிருந்து வெளியே வருவதற்கான எக்ஸிட் பட்டன், அதன் அருகே அவசரத்திற்கு உடைக்கும் பச்சை நிறப் பெட்டி. ஆறாவது, இவற்றுக்கு 12 வோல்ட் மின்சாரம் தரும் பவர் சப்ளையும் அதனுடன் இணைந்த பேட்டரியும்.

இவை தவிர, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும் ஒரு சிறிய காந்த சென்சாரும் இருக்கும். கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் பேசிக் கொண்டிருந்தால் "பீ... பீ..." என்று கத்துவது இதனால்தான்.

கார்டுக்குள் என்ன இருக்கிறது?

கார்டில் பேட்டரி எதுவும் இல்லை. பிளாஸ்டிக்குக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும், அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு சிப்பும் உள்ளன. ரீடர் தன்னைச் சுற்றி எப்போதும் ஒரு காந்தப்புலத்தை உருவாக்கிக் கொண்டிருக்கிறது. கார்டு அதற்குள் வரும்போது சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. பள்ளியில் படித்த டிரான்ஸ்ஃபார்மர் தத்துவமேதான். கிடைத்த அந்தச் சிறு மின்சாரத்தில் சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது.

இந்தக் கார்டுகளில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. ஒன்று 125 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை. ப்ராக்ஸிமிட்டி கார்டு என்று விற்கப்படும் மலிவான கார்டுகள் பெரும்பாலும் இவையே. இவற்றில் பரவலான இ.எம்.4100 வகையில் மொத்தம் 64 பிட்கள். அதில் 40 பிட்கள் அடையாள எண். மின்சாரம் கிடைத்தவுடன் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. கேட்பவர் யார் என்று அது பார்ப்பதில்லை.

மற்றொன்று 13.56 மெகாஹெர்ட்ஸ் வகை. மைஃபேர் போன்ற ஸ்மார்ட் கார்டுகள் இதில் அடங்கும். இவற்றில் தகவல்களை எழுதி வைக்கவும், சங்கேதச் சாவி கொண்டு பூட்டி வைக்கவும் முடியும். மைஃபேர் கிளாசிக் 1கே கார்டில் 16 பகுதிகளாக 1,024 பைட்கள் இடம் உள்ளது.

உங்கள் கார்டு எந்த வகை என்று எளிதாகக் கண்டுபிடிக்கலாம். என்.எஃப்.சி. வசதியுள்ள ஃபோனின் பின்புறம் கார்டை வையுங்கள். ஃபோன் அதிர்ந்தாலோ ஒலித்தாலோ அது 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு. எந்தச் சலனமும் இல்லையென்றால் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ். டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் பல கார்டுகளில் தெரியும். முதல் வகையில் பல சுற்றுகள் கொண்ட வட்டச் சுருள் இருக்கும். இரண்டாவதில் கார்டின் ஓரத்தை ஒட்டிச் சில சுற்றுகள் மட்டுமே ஓடும்.

கார்டின் மேல் உள்ள எண்

மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். உதாரணமாக, 0005234567 என்று ஒரு எண். அருகே 079,57223 என்று இன்னொன்று. இவை இரண்டும் வேறு வேறு எண்கள் அல்ல. கால்குலேட்டரை எடுத்துக் கொள்ளுங்கள். 79ஐ 65,536ஆல் பெருக்கினால் 51,77,344 வரும். அதனுடன் 57,223ஐக் கூட்டினால் 52,34,567. முதல் எண் கிடைத்துவிட்டது!

ஏன் இப்படி இரண்டாகப் பிரிக்கிறார்கள்? ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்கு எண்ணை அனுப்பும் பழைய முறையான வீகண்ட் அப்படித்தான் கேட்கிறது. இதில் மொத்தம் 26 பிட்கள். முதல் பிட்டும் கடைசி பிட்டும் பிழை பார்ப்பதற்கு. இடையில் உள்ள 24 பிட்களில் 8 பிட்கள் நிறுவனத்தின் எண். 16 பிட்கள் கார்டின் எண். 8 பிட்களில் 0 முதல் 255 வரை, 16 பிட்களில் 0 முதல் 65,535 வரை எழுதலாம். எனவே உலகம் முழுவதற்கும் சேர்த்து 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் எண்கள்தான் உள்ளன. வேறு ஊரில் வேறொருவர் கையில் உங்கள் எண்ணிலேயே ஒரு கார்டு இருக்க வாய்ப்புண்டு!

எண்ணை அனுப்பும் விதமும் எளிமையானது. டி0, டி1 என்று இரண்டு வயர்கள். 0 என்று சொல்ல முதல் வயரில் ஒரு துடிப்பு. 1 என்று சொல்ல இரண்டாவது வயரில் ஒரு துடிப்பு. எந்தச் சங்கேதமும் கிடையாது. இதற்கு மாற்றாக வந்துள்ள ஓ.எஸ்.டி.பி. என்ற முறையில் ரீடரும் கன்ட்ரோலரும் ஏ.இ.எஸ். 128 பிட் சங்கேதத்தில் பேசிக்கொள்ள முடியும். இது 2020ல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால் நம் ஊர்க் கட்டடங்களில் வீகண்ட் வயர்கள் இன்னும் ஏராளமாக உள்ளன.

இதிலிருந்து ஒரு பாடம். புதிய வேலையில் சேர்ந்த மகிழ்ச்சியில் ஐ.டி. கார்டைப் படமெடுத்துச் சமூக வலைத்தளங்களில் போடுகிறோம். கார்டின் பின்புறத்தில் எண் இருந்தால் அதைப் படத்தில் காட்ட வேண்டாம். சில இடங்களில் கதவு கேட்பது அந்த எண்ணை மட்டுமே.

முடிவெடுப்பது யார்?

ரீடர் வெறும் காது. கேட்டதைக் கன்ட்ரோலரிடம் சொல்வதுடன் அதன் வேலை முடிந்தது. கன்ட்ரோலர் தன் நினைவகத்தில் உள்ள பட்டியலைப் பார்க்கிறது. இந்த எண் பட்டியலில் உள்ளதா? இந்தக் கதவுக்கு அனுமதி உண்டா? இந்தக் கிழமையில், இந்த நேரத்தில் உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் ஒரு ரிலேவை இயக்குகிறது. ரிலே பூட்டுக்குச் செல்லும் மின்சாரத்தைச் சில விநாடிகள் நிறுத்துகிறது. காந்தம் விடுகிறது, கதவு திறக்கிறது. யார், எந்தக் கதவு, எத்தனை மணி என்ற விவரம் பதிவாகிறது. மாதக் கடைசியில் எச்.ஆர். டிபார்ட்மென்ட் எடுக்கும் வருகைப் பட்டியல் இந்தப் பதிவிலிருந்துதான் வருகிறது.

மெட்ரோ கார்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அம்பத்தூர்க்காரர்கள் திருமங்கலம் மெட்ரோ நிலையத்தில் காட்டும் சிங்காரச் சென்னை கார்டு 2023 ஏப்ரலில் அறிமுகமானது. அதில் பயணத்திற்கான இருப்புத் தொகை கார்டின் சிப்பிலேயே எழுதப்படுகிறது. அலுவலகக் கார்டில் பொதுவாக எண் மட்டுமே இருக்கும். அனுமதி முழுவதும் பட்டியலில் இருக்கிறது.

எனவே பட்டியலை யார் பராமரிக்கிறார்கள் என்பதில்தான் பாதுகாப்பு உள்ளது. என் நண்பர் ஒருவர் வேலையை விட்ட பிறகு, கையில் மறந்து வைத்திருந்த கார்டைத் திருப்பித் தருவதற்காகப் பழைய அலுவலகத்திற்குப் போனார். ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. ரிசப்ஷனில் யாரும் இல்லாததால் பழக்கத்தில் கார்டைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது! கார்டு, ரீடர், பூட்டு எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தன. அவரது எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கார்டை நகல் எடுக்க முடியுமா?

125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளை எடுக்க முடியும். சாவி வெட்டித் தரும் சில கடைகளிலேயே செய்து தருகிறார்கள். ஸ்மார்ட் கார்டு என்றால் பாதுகாப்பு என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை 2008ல் ஆட்டம் கண்டது.

1994ல் அறிமுகமான மைஃபேர் கிளாசிக், கிரிப்டோ1 என்ற ரகசிய சங்கேத முறையைப் பயன்படுத்தியது. அது எப்படி இயங்குகிறது என்பதை வெளியிடாமல் வைத்திருப்பதே அதன் பாதுகாப்பில் ஒரு பங்கு. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளாட்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள், சிப்பை அடுக்கடுக்காகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து அதன் சர்க்யூட்டைப் படித்ததாக அறிவித்தனர். 2008 மார்ச்சில் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகக் குழு அந்தச் சங்கேதத்தை உடைத்துக் காட்டியது. அந்த நாட்டின் அரசு அலுவலகங்களிலேயே இந்தக் கார்டுகள் பயன்பாட்டில் இருந்தன. ஆய்வுக் கட்டுரையை வெளியிடக் கூடாது என்று சிப் தயாரிப்பாளரான என்.எக்ஸ்.பி. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2008 ஜூலையில் நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. குறை இருப்பது கார்டில். அதைச் சொல்பவரைத் தடுப்பதால் குறை மறையாது.

அதன் பிறகும் பழைய கார்டுகள் ஒழியவில்லை. 2024 மார்ச்சில், சாஃப்லாக் என்ற ஹோட்டல் பூட்டுகளில் உள்ள பலவீனத்தை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 131 நாடுகளில், 13 ஆயிரம் கட்டடங்களில், 30 லட்சம் கதவுகளில் இந்தப் பூட்டுகள் இருந்தன. ஒவ்வொரு கதவாகச் சென்று சரி செய்ய வேண்டியிருந்ததால் அப்போது 36 சதவீதம் மட்டுமே மாற்றப்பட்டிருந்தன. கம்ப்யூட்டரில் அப்டேட் போட ஒரு க்ளிக் போதும். கதவுக்கு அப்டேட் போட ஏணியும் ஆளும் வேண்டும்.

இன்று புதிதாக வாங்குபவர்கள் ஏ.இ.எஸ். சங்கேதம் கொண்ட டெஸ்ஃபயர் போன்ற கார்டுகளைக் கேட்டு வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: நல்ல கார்டை வாங்கிவிட்டு, ரீடரில் அதன் வெளிப்படையான வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்துவிட்டால் கொடுத்த பணம் வீண். "சங்கேதச் சாவியைச் சோதிக்கிறதா, வரிசை எண்ணை மட்டும் பார்க்கிறதா?" என்று நிறுவ வருபவரிடம் கேளுங்கள்.

சர்வர் நின்றால்?

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. நெட்வொர்க்கில் செய்த ஒரு மாற்றம் அந்த நிறுவனத்தையே இன்டர்நெட்டிலிருந்து துண்டித்தது. அப்போது ஊழியர்கள் சிலர் தங்கள் அலுவலகத்திற்குள்ளேயே நுழைய முடியவில்லை. கார்டுகள் வேலை செய்யவில்லை என்று செய்திகள் வந்தன. சரி செய்ய வேண்டியவர்கள் உள்ளே போக, சரி செய்ய வேண்டிய நெட்வொர்க்கே தேவைப்பட்டால் என்ன ஆகும்?

நல்ல கன்ட்ரோலர் பட்டியலைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும். சர்வரிலிருந்து புதிய மாற்றங்களை மட்டும் வாங்கிக் கொள்ளும். நெட்வொர்க் இல்லாதபோதும் கதவு வழக்கம்போல் இயங்கும். பதிவுகளைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் நீக்கிய கார்டு, தொடர்பு திரும்பும் வரை கதவைத் திறந்து கொண்டுதான் இருக்கும்.

கரண்ட் போனால்?

இ.எம். லாக்கில் உள்ளே ஒரு மின்காந்தம். கதவில் ஓர் இரும்புப் பட்டை. மின்சாரம் இருக்கும்வரை இரண்டும் ஒட்டிக் கொண்டிருக்கும். சாதாரணமாக விற்கப்படும் 600 பவுண்டு பூட்டைப் பிரிக்கச் சுமார் 270 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். ஆனால் மின்சாரம் நின்ற மறுகணமே அது வெறும் இரும்பு. கதவு தானாக விடுபடும். இதற்கு 'ஃபெயில் சேஃப்' என்று பெயர்.

இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. சில எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் பூட்டுகளைத் திறக்கத்தான் மின்சாரம் தேவை. மின்சாரம் போனால் வெளியிலிருந்து திறக்க முடியாது. இது 'ஃபெயில் செக்யூர்'. இந்த வகையில் உள்பக்கம் கைப்பிடியைத் திருப்பினாலே கதவு திறக்கும்படி இருக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு பார்ப்போம். பூட்டு சுமார் அரை ஆம்பியர் எடுத்துக் கொள்ளும். ரீடர், கன்ட்ரோலர் சேர்த்து 0.7 என்று வைத்துக் கொள்வோம். பவர் சப்ளையில் வழக்கமாக இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, காகிதத்தில் 10 மணி நேரம் தாங்கும். இரண்டு வருடப் பழைய பேட்டரி அதில் பாதி தாங்கினாலே அதிகம்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட ஓர் இரவில் பேட்டரி தீர்ந்ததும் இ.எம். லாக் மட்டும் உள்ள கதவு திறந்துதான் கிடக்கும். இது பழுதல்ல, அந்தப் பூட்டு அப்படித்தான் செய்ய வேண்டும். அதனால்தான் மாலையில் கடைசி ஆள் போனதும் பூட்டுவதற்கு ஷட்டரோ சாதாரணப் பூட்டோ அவசியம். எலெக்ட்ரானிக் கதவு வந்துவிட்டது என்று இரவு வாட்ச்மேனை நிறுத்திவிட்ட நிறுவனங்கள் இதை யோசிக்க வேண்டும்.

வெளியே போகும் வழி

உள்ளே வருபவரைத் தடுப்பது கதவின் வேலை. வெளியே போகிறவரைத் தடுப்பது எந்த நேரத்திலும் அதன் வேலை அல்ல. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தனர். பூட்டியிருந்த கதவும், கூடுதல் இருக்கைகளால் அடைபட்ட வழியும் பால்கனியில் இருந்தவர்களைச் சிக்க வைத்தன. அங்கே கார்டு பூட்டு எதுவும் இல்லை. ஆனால் புகையில் தவிப்பவருக்குத் தாழ்ப்பாளும் ஒன்றுதான், மின்காந்தமும் ஒன்றுதான். வெளியேறும் கதவைச் சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும் என்பது இந்திய தேசியக் கட்டட விதித் தொகுப்பின் விதி. கார்டும் ஒரு சாவிதான்.

சில அலுவலகங்களில் வருகைப் பதிவுக்காக வெளியே போகவும் கார்டு கேட்கிறார்கள். அப்படிப்பட்ட கதவுகளில் மூன்று விஷயங்களைக் கட்டாயம் பாருங்கள்.

1. ஃபயர் அலாரம் ஒலித்தால் பூட்டுகளின் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். சாஃப்ட்வேர் கட்டளை மூலம் அல்ல, நேரடி வயர் மூலம்.

2. பச்சைப் பெட்டி பூட்டின் மின்சாரத்தை நேரடியாக வெட்ட வேண்டும். கன்ட்ரோலர் ஹேங் ஆகியிருந்தாலும் கதவு திறக்க வேண்டும்.

3. இரண்டையும் வருடத்திற்கு இரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்திப் பேட்டரியையும் கழற்றிக் கதவைத் தள்ளிப் பார்ப்பது மிக எளிய சோதனை.

அபார்ட்மென்ட்டுக்கு வாங்குமுன்

உங்கள் அசோசியேஷன் இத்தகைய கதவு வாங்க முடிவு செய்தால் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். கீழ்க்கண்டவற்றையும் கேளுங்கள்.

* கன்ட்ரோலரும் ரிலேவும் கதவின் உள்பக்கம் இருக்குமா? ரீடர், கீபேட், ரிலே எல்லாம் ஒரே பெட்டியில் உள்ள மலிவான மாடலை வெளிப்புறம் மாட்டினால், ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவருக்குக் கார்டு தேவைப்படாது.

* வாடகைக்கு இருப்பவர் காலி செய்தால் அவர் கார்டை நீக்குவது யார்? அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? நிறுவிய கடைக்காரரிடம் மட்டும் என்றால் அது உங்கள் கதவு அல்ல.

* ஃபேக்டரியில் போட்டு வந்த பாஸ்வேர்டை மாற்றினார்களா?

* யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்ற பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

* பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும்? தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இத்தனை செய்தும் ஒரு குறை மீதமிருக்கும். நீங்கள் திறந்த கதவில் பின்னால் வருபவரும் சேர்ந்து நுழைவதை எந்த ரீடரும் கவனிக்காது. கார்டு அடையாளம் காண்பது ஒரு எண்ணை, ஆளை அல்ல. அந்த ஆள் யார் என்று பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

நாளை அலுவலகத்திற்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தளத்தில் பச்சைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதன் முன்னால் பீரோவோ அட்டைப் பெட்டிகளோ அடுக்கி வைத்திருந்தால் அன்றே நகர்த்தச் சொல்லுங்கள்.